இராக் கடமை புரிவோரின் உறக்கமும் இதயமும்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். ஸலாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த சகோதர, சகோதரிகளே!

இஷாத் தொழுகையை முடித்து, இராப்போசனம் அருந்தி நாம் படுக்கைக்குச் செல்கின்ற வேளையில், வீட்டை விட்டு வேலைக்குப் புறப்படுகின்ற ஒரு கூட்டத்தினர் நம் மத்தியில் இருக்கின்றனர். வைத்தியசாலை விடுதிகளில் நோயாளிகளின் அருகே விழித்திருக்கும் தாதியர், கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் இயந்திரங்களின் முன் நிற்கும் இளைஞர், யுவதியர், கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து சரக்கு இறக்குவோர், வங்கி வாசலிலும் கடை வாசலிலும் அமர்ந்திருக்கும் காவலாளிகள், காலையில் நாம் வாங்கும் பாணை நள்ளிரவிலே சுட்டெடுக்கும் பேக்கரித் தொழிலாளர், வேறொரு நாட்டின் பகல் நேரத்துக்கேற்பத் தமது இரவைத் தொலைபேசி முன் கழிக்கும் கோல் சென்டர் ஊழியர் ஆகிய அனைவரும் அக்கூட்டத்தினரே. மத்திய கிழக்கு நாடுகளில் இராக் கடமை புரிந்து மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பும் நம் சகோதரர்களும் இவர்களுள் அடங்குவர்.

ஹலாலான உழைப்புக்காக இரவைத் தியாகம் செய்யும் இவர்களது இதயத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். நான் சொல்ல வந்த செய்தி ஒன்றே ஒன்றுதான். இரவில் உழைப்பவர் பகலில் உறங்கும் உறக்கம் அவரது இதயத்துக்குரிய பாதுகாப்பாகும். அதனை அவரும் பேண வேண்டும், அவரது வீட்டாரும் பேணிக் கொடுக்க வேண்டும். இது அவர்கள் மனம் விரும்பினால் செய்யும் உபகாரமன்று. அவருக்குரிய ஹக்கு ஆகும்.

நம் ஊர்களில் பகலில் உறங்குபவரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. "பத்து மணியாகியும் படுத்துக் கிடக்கிறான்" என்று அயலவர் பேசுகின்றனர். இரவு முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு வந்த பிள்ளையை, கடைக்குப் போய் வா, மின்சாரப் பட்டியலைக் கட்டி வா, தம்பியைப் பாடசாலையிலிருந்து அழைத்து வா என்று பெற்றோரே எழுப்புகின்றனர். அவன் உறங்கவில்லை, சும்மா படுத்திருக்கிறான் என்பது அவர்களது எண்ணம். ஆனால் சூரத்துர் ரூமிலே அல்லாஹுத் தஆலா மனிதனின் உறக்கத்தைத் தனது அத்தாட்சிகளுள் ஒன்றாகக் குறிப்பிடும்போது, இரவை மட்டுமன்றிப் பகலையும் சேர்த்தே குறிப்பிடுகின்றான். இரவை ஓய்வுக்குரியதாக ஆக்கியவனும் அவனே. தேவை ஏற்படும்போது பகலிலும் உறங்க இடமளித்தவனும் அவனே. ஆகவே, இராக் கடமை முடித்து வந்து பகலில் உறங்குபவரைச் சோம்பேறி என்று இகழ்வதற்கு நமக்கு எந்த உரிமையும் கிடையாது.

நேயர்களே! இதயத்துக்கும் உறக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். இதயம் உறங்குவதில்லையே, உறக்கத்திலும் அது துடித்துக்கொண்டுதானே இருக்கின்றது என்றும் கேட்கலாம். உண்மைதான். ஆயினும் உறக்கத்தின்போது அதன் சுமை குறைகின்றது. ஆரோக்கியமான ஒருவர் இரவில் உறங்கும்போது அவரது இரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிடச் சுமார் 10 முதல் 20 சதவீதம் வரை தாழ்கின்றது. நாடித் துடிப்பும் மெதுவாகின்றது. நாள் முழுவதும் சுமை இழுத்த மாட்டை மாலையில் அவிழ்த்து விடுவது போன்ற ஓய்வு அது. அந்த ஓய்வு நாள்தோறும் கிடைக்கும் வரை இரத்தக் குழாய்கள் நலமாக இருக்கும். வருடக்கணக்கில் அது மறுக்கப்படுமாயின் குழாய்கள் தடித்து, இறுகி, நோய்க்கு இடங்கொடுக்கின்றன.

அத்துடன், அல்லாஹ் மனித உடலுக்குள்ளே ஒரு கடிகாரத்தை வைத்துப் படைத்திருக்கின்றான். மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அது அமைந்துள்ளது. கண்ணுக்குள் விழும் வெளிச்சத்தைக் கொண்டு அது இரவையும் பகலையும் அறிந்துகொள்கின்றது. இருள் சூழ்ந்ததும் மெலடோனின் என்னும் சுரப்பு உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்துகின்றது. விடியற்காலையில் கோர்ட்டிசோல் என்னும் சுரப்பு உயர்ந்து விழிப்புக்கு ஆயத்தப்படுத்துகின்றது. இதயம், ஈரல், கணையம் முதலான உறுப்புகளும் இந்த நேர ஒழுங்கின்படியே இயங்குகின்றன. உயிரணுக்களுக்குள் இக்கடிகாரம் எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் கண்டறிந்தமைக்காக ஜெஃப்ரி ஹோல், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இராக் கடமை புரிபவரின் உடலில் நிகழ்வது யாதெனில், இக்கடிகாரம் ஒரு நேரத்தைச் சொல்ல, அவரது வேலை வேறொரு நேரத்தைச் சொல்கின்றது. உடல் உறக்கத்தை எதிர்பார்க்கும் நேரத்தில் அவர் உழைக்கின்றார், உண்கின்றார். உடல் விழிப்பை எதிர்பார்க்கும் நேரத்தில் உறங்க முயல்கின்றார். 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்விலே, ஆரோக்கியமான பத்துப் பேரைச் சில நாட்கள் ஆய்வுகூடத்தில் தங்கவைத்து, அவர்களது உறக்க நேரத்தையும் உணவு நேரத்தையும் இவ்வாறு தலைகீழாக மாற்றிப் பார்த்தனர். அவர்களது இரத்த அழுத்தம் உயர்ந்தது. இரத்தத்தில் சீனியின் அளவும் உயர்ந்தது. சிலருக்கு அது நீரிழிவுக்கு முந்திய நிலை வரை சென்றது. ஒரு சில நாட்களிலேயே இம்மாற்றம் என்றால், பத்து, பதினைந்து வருடங்கள் இவ்வாறு வாழ்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அவ்வாறு நீண்ட காலம் உழைத்தவர்களையும் ஆய்வாளர்கள் அவதானித்துள்ளனர். சுவீடன் நாட்டின் கடதாசி ஆலையொன்றில் வேலை செய்த 504 பேரைப் பதினைந்து வருடங்கள் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று 1986ஆம் ஆண்டு வெளியானது. சுழற்சி முறையில் வேலை செய்த வருடங்கள் கூடக் கூட இருதய நோயும் கூடியதை அது காட்டிற்று. 2012ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையொன்று 34 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, இருபது இலட்சம் பேரின் விபரங்களைப் பரிசீலித்தது. சுழற்சி முறையில் வேலை செய்வோருக்கு மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு ஏனையோரைவிட 23 சதவீதம் அதிகம் என்பது அதன் முடிவு. அதாவது, பகல் வேலை செய்யும் ஒரு கூட்டத்தில் நூறு பேருக்கு மாரடைப்பு ஏற்படுமாயின், அதேயளவு எண்ணிக்கையுள்ள சுழற்சி முறைத் தொழிலாளரிடையே 123 பேருக்கு அது ஏற்படுகின்றது.

2016ஆம் ஆண்டு அமெரிக்கத் தாதியர் சுமார் 189,000 பேரைப் பற்றிய ஆய்வொன்று வெளியானது. பகல், மாலைக் கடமைகளோடு மாதத்தில் குறைந்தது மூன்று இரவுகளாவது கடமை புரிந்து, அவ்வாறு பத்து வருடங்களோ அதற்கு மேலோ கழித்த பெண்களுக்கு இருதய நோய் வாய்ப்பு 15 முதல் 18 சதவீதம் வரை அதிகமாக இருந்தது. ஆனால் அதே ஆய்வு ஓர் ஆறுதலையும் தருகின்றது. இராக் கடமையை நிறுத்தி வருடங்கள் செல்லச் செல்ல அந்த ஆபத்து குறைந்து சென்றது. எனவே அச்சங்கொண்டு வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் கூறவில்லை. குடும்பத்தின் உணவு அதில் தங்கியிருக்கின்றது என்பதை நான் நன்கறிவேன். ஆபத்து உண்டு, அதனைக் குறைக்கும் வழியும் உண்டு என்பதே நான் கூறுவது.

அருமை இளைஞர்களே! உங்களோடு சற்று வெளிப்படையாகப் பேச வேண்டியுள்ளது. இராக் கடமையைவிட அதனைச் சுற்றி நாம் அமைத்துக்கொள்ளும் பழக்கங்கள் பல நேரங்களில் அதிகத் தீங்கு விளைவிக்கின்றன. தூக்கத்தை விரட்டச் சிகரெட் புகைத்தல், மணிக்கொரு தடவை சீனி நிறைந்த தேநீர், நள்ளிரவில் கடையில் கொத்து ரொட்டி, காலையில் வீடு வந்ததும் கட்டிலில் படுத்தபடி கைத்தொலைபேசியில் இரண்டு மணி நேரம் என்று நாள் கழிகின்றது. சிலர் இரவில் ஒரு தொழில் செய்துவிட்டுப் பகலில் முச்சக்கர வண்டி ஓட்டுகின்றனர். வயது இருபத்தைந்துதானே, உடல் தாங்கும் என்று நினைக்கின்றனர். தாங்கத்தான் செய்யும். ஆனால் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவது இளமையிலேயே, எவ்வித நோவுமின்றி ஆரம்பமாகி விடுகின்றது. நாற்பதிலும் ஐம்பதிலும் வெளிப்படும் நோய்க்கு இருபதுகளிலேயே வித்திடப்படுகின்றது.

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் சம்பவத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் ஓர் இளைஞர். பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கி வந்தார். இது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு எட்டியபோது, அவரை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர் மீது உரிமை உண்டு என்பதை உணர்த்தி, உறங்கவும் செய்யுமாறு பணித்தார்கள். இதனை ஆழ்ந்து சிந்தியுங்கள். வணக்கத்துக்காகக்கூட உறக்கத்தை முற்றாகத் துறக்க அனுமதிக்கவில்லையென்றால், மேலதிகமான சில ஆயிரம் ரூபாய்களுக்காகவோ, கைத்தொலைபேசித் திரைக்காகவோ அதனைத் துறப்பதற்கு எவ்வாறு நியாயம் கற்பிக்க முடியும்? உடல் நமது சொத்தன்று, அது அமானிதம்.

இனி, நடைமுறையில் செய்யக்கூடியவற்றைக் கூறுகின்றேன்.

முதலாவது, உறக்கத்தின் அளவு. வளர்ந்தவர்களுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேர உறக்கம் தேவை. 2022ஆம் ஆண்டு அமெரிக்க இருதயச் சங்கம், இதய நலனுக்கு இன்றியமையாதவை எனத் தான் வகுத்த எட்டு விடயங்களுள் உறக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. இராக் கடமை முடித்து வருபவர் பகலில் ஒரே தடவையில் இவ்வளவு நேரம் உறங்குவது எளிதன்று. உடலின் கடிகாரம் அவரை எழுப்பிவிடும். எனவே அவர் தமது உறக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். வீடு வந்ததும் ஒரு நீண்ட உறக்கம், மாலையில் வேலைக்குப் புறப்படுமுன் ஒரு சிறிய உறக்கம்.

இங்கே தொழுகையைப் பற்றிய கேள்வி எழும். பலர் என்னிடம் இதனைக் கேட்டுள்ளனர். ஸுபஹைக் கடமை இடத்திலேயே நிறைவேற்றிவிடுங்கள். வீடு வந்து சேரும்போது சூரியன் உதித்துவிடும். காலை எட்டு மணிக்குமுன் படுத்துவிட்டால், பிற்பகல் இரண்டரை மணிக்கு எழுவதற்கு அலாரம் வைத்துக்கொள்ளலாம். லுஹருடைய நேரம் அஸர் நேரம் நுழையும் வரை நீடிக்கின்றது. நமது நாட்டில் அஸர் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னரே நுழைகின்றது. ஆகவே ஆறரை மணி நேரம் உறங்கியும் லுஹரை உரிய நேரத்துக்குள் தொழ முடியும். அஸருக்குப் பின் மீண்டும் சற்றுச் சாய்ந்துகொள்ளலாம். வெள்ளிக்கிழமையில் ஜும்ஆ இருப்பதால், பதினொன்றேகால் வரை ஓர் உறக்கம், ஜும்ஆ முடிந்து வந்தபின் மற்றோர் உறக்கம் என அமைத்துக்கொள்ளுங்கள். உறக்கத்தைக் காரணங்காட்டித் தொழுகையை விடவும் வேண்டியதில்லை, தொழுகையைக் காரணங்காட்டி உறக்கத்தை இழக்கவும் வேண்டியதில்லை. உங்களது கடமை நேரம் இதற்கு மாறாக இருப்பின், ஊர் உலமாக்களிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உணவு. 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் 19 பேரை ஆய்வுகூடத்தில் இராக் கடமை போன்றதொரு நிலையில் வைத்திருந்தனர். இரவிலும் உணவு உண்டவர்களின் இரத்தத்தில் சீனியின் அளவு உயர்ந்தது. பகலில் மாத்திரம் உண்டவர்களுக்கு அவ்வாறு உயரவில்லை. எனவே வேலைக்குப் புறப்படுமுன் வீட்டில் பிரதான உணவை உட்கொண்டு, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கனத்த உணவைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். பசித்தால் ஒரு பழமோ சிறிதளவு கடலையோ போதும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் உணவு நேரத்தை மாற்றக் கூடாது. ரமழானில் இராக் கடமையோடு நோன்பு நோற்கும் நோயாளிகளும் மருந்து நேரத்தை முன்கூட்டியே வைத்தியரோடு பேசி ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தேநீரும் கோப்பியும். படுக்கைக்குச் செல்வதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன் அருந்திய அதிகளவு கோப்பிகூட உறக்கத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைக்கக்கூடியது. ஆகவே கடமையின் முதற் பாதியில் அருந்துங்கள். இரண்டு மணிக்குப் பின் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, வீடு திரும்பும் பயணம். பதினேழு மணி நேரம் தொடர்ச்சியாக விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், சிறிதளவு மது அருந்தியவரின் நிலைக்கு ஒப்பாகக் குறைந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. மதுவைத் தொடாத நமது பிள்ளைகள், உறக்கமின்மையால் அதே நிலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வருவதை எண்ணிப் பாருங்கள். கண் சொருகினால் வண்டியை நிறுத்துங்கள். இயன்றவரை பஸ்ஸிலோ, நிறுவனத்தின் வாகனத்திலோ வாருங்கள்.

பெற்றோர்களே! துணைவியரே! இனி உங்களிடம் சில வார்த்தைகள். உறங்கும் அறையின் யன்னலுக்குத் தடித்த திரையொன்றைத் தொங்கவிடுங்கள். வெளிச்சம் உட்புகுந்தால் மூளையின் கடிகாரம் விழித்துக்கொள்ளும். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறையுங்கள். விருந்தினர் வந்தால், அவர் இரவு வேலை செய்துவிட்டு உறங்குகின்றார், மாலையில் சந்திப்பார் என்று தயங்காமல் சொல்லுங்கள். பட்டியல் கட்டுவதையும் சாமான் வாங்குவதையும் மாலைக்கோ விடுமுறை நாளுக்கோ ஒதுக்கிவையுங்கள். சிறுபிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். வாப்பாவின் உறக்கத்தைக் காப்பதும் வாப்பாவுக்குச் செய்யும் பணிவிடை என்பதை அவர்கள் அறியட்டும்.

குறிப்பாகப் பெண்களின் நிலையை நினைவூட்ட விரும்புகின்றேன். இராக் கடமை முடித்து வரும் ஆணுக்கு வீட்டில் பாயும் தலையணையும் ஆயத்தமாக இருக்கும். இராக் கடமை முடித்து வரும் தாதிப் பெண்ணுக்கோ அடுப்படியும் கழுவாத பாத்திரங்களும் காத்திருக்கும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, பகலுணவு சமைத்து, துணி துவைத்து முடித்து அவள் கண்ணயர்வதற்குள் லுஹரின் பாங்கு ஒலித்துவிடுகின்றது. மேலே நான் கூறிய 189,000 பேரின் ஆய்வு பெண்களைப் பற்றியதே என்பதை மறவாதீர்கள். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தமது வீட்டு வேலைகளில் குடும்பத்தினருக்கு உதவியாக இருந்தார்கள் என்று ஆயிஷா நாயகி ரழியல்லாஹு அன்ஹா அவர்கள் அறிவித்துள்ளார்கள். அந்த ஸுன்னத்தை நடைமுறைப்படுத்த, மனைவியோ மகளோ இராக் கடமை முடித்து வரும் காலையைவிடப் பொருத்தமான வேளை ஏது?

தொழில் கொள்வோரிடமும் ஒரு வேண்டுகோள். கடமைப் பட்டியலை முன்கூட்டியே அறிவியுங்கள். தொடர்ச்சியாகப் பல இரவுகளை ஒருவர் மீது சுமத்தாதீர்கள். ஒரு கடமைக்கும் மறு கடமைக்கும் இடையில் பயணத்துக்கும் முழுமையான உறக்கத்துக்கும் போதிய இடைவெளி விடுங்கள். இருதய நோயுள்ளவரைப் பகல் வேலைக்கு மாற்ற முடியுமாயின் மாற்றுங்கள். உழைப்பவரிடம் அவரது சக்திக்கு மேற்பட்டதைச் சுமத்தலாகாது என்பது நம் மார்க்கத்தின் போதனையாகும்.

இறுதியாக, பல வருடங்கள் இராக் கடமை புரிந்து வருபவர்கள் தமது இரத்த அழுத்தத்தையும், இரத்தத்தில் சீனி, கொலஸ்ட்ரோல் அளவையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 35 வயதைக் கடந்தவர்களுக்கு அரச வைத்தியசாலைகளோடு இணைந்து இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இப்பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகின்றது. உரத்த குறட்டையும், உறக்கத்தில் மூச்சு நின்று திணறுவதும், எவ்வளவு உறங்கியும் தீராத அசதியும் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதுவும் இதயத்தைப் பாதிக்கும் ஒரு நோயாகும். நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியன தோன்றினால், வாயு என்று கூறி இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். பெண்களுக்கும் நீரிழிவு நோயாளருக்கும் கடும் வலியின்றி, அசதியும் குமட்டலும் மாத்திரம் தோன்றுவதும் உண்டு. உடனே 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். வேலை முடியும் வரை பொறுத்திருப்போம் என்று எண்ண வேண்டாம். மாரடைப்பில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் ஒரு பகுதியை இறக்கச் செய்கின்றது.

அன்பார்ந்தவர்களே! இவ்வுரையை வாசித்து முடித்ததும், உங்கள் வீட்டில் இராக் கடமை புரிபவர் ஒருவர் இருப்பின், அவர் நாளை எத்தனை மணிக்கு வீடு வருவார், எத்தனை மணி வரை உறங்குவார், அவ்வேளையில் வீட்டு வேலைகளை யார் யார் பொறுப்பேற்பது என்பதை இன்றே அமர்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரவில் விழித்திருந்து உழைக்கும் நம் சகோதர, சகோதரிகளின் உழைப்பில் அல்லாஹுத் தஆலா பரக்கத் செய்வானாக! அவர்களது உடலுக்கு ஆரோக்கியத்தையும், இதயத்துக்கு வலிமையையும், உறக்கத்துக்கு நிம்மதியையும் வழங்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.